தரச்சோதனைப் பதிவேட்டில் ஒரு நாய்

சூளைத் தொழிலாளிகள் கேட்டது மின்விசிறி. கம்பெனி கொடுத்தது நாய். இதில் கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றும் கிடையாது. முறைப்படி மனு வாங்கி, முறைப்படி ஆலோசித்து, முறைப்படி மாலை போட்டுத்தான் கொடுத்தார்கள்.

விருத்தாசலம் ஜங்ஷனைத் தாண்டி ரயில் பாதையோரமாக நடந்தால் இரண்டு புகைபோக்கிகள் தெரியும். அதுதான் மணிமுத்தா மின்காப்புப் பீங்கான் தொழிற்சாலை. அந்த முழுப் பெயரை ஊரில் யாரும் சொன்னதில்லை. பீங்கான் கம்பெனி என்றால் போதும். மின்கம்பத்தின் உச்சியில் கம்பியைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்குமே வெள்ளைக் கப்பு, அதைச் செய்வதுதான் அங்கே வேலை. களிமண்ணைப் பிசைந்து, அச்சில் வார்த்து, மெருகு பூசி, சூளையில் வைத்துச் சுட்டு எடுக்க வேண்டும். சூளை வாயில் நின்று அடுக்குவதற்கும் இறக்குவதற்கும் பதினொரு பேர். அவர்களில் மூத்தவர் பக்கிரி. ஐம்பத்திரண்டு வயது. பதினைந்து வருடமாகச் சூளைக்கு முகத்தைக் காட்டிக் காட்டி அவருக்குப் புருவ முடி என்று ஒன்று இல்லாமலே போயிருந்தது.

எழுபத்து மூன்றாம் வருடம் சித்திரை வெயிலில் சூளை வாயிலேயே இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். கம்பெனி கம்பவுண்டர் வந்து பதினொரு பேர் கையிலும் பட்டையைக் கட்டிக் காற்றடித்துப் பார்த்தார். பதினொரு பேருக்கும் ரத்த அழுத்தம். பக்கிரிக்கு நூற்று எழுபது. எல்லாரும் சேர்ந்து சூளைக்கு இரண்டு பெரிய மின்விசிறி வேண்டும் என்று மனு எழுதினார்கள். அங்கேதான் தப்பு செய்தார்கள். விசிறி என்று மட்டும் எழுதியிருந்தால் விசிறி கிடைத்திருக்கலாம். ரத்த அழுத்தம் என்ற வார்த்தையையும் சேர்த்து எழுதிவிட்டதால் மனு மின்பிரிவுக்குப் போகாமல் தொழிலாளர் நலப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தது.

நல அதிகாரி லட்சுமிநாராயணன் கெட்ட மனிதர் இல்லை. யாரையும் கடிந்து பேச மாட்டார். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் பெங்களூரில் ஒரு மாநாட்டுக்குப் போய் வந்திருந்தார். அங்கே சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்த ஒரு டாக்டர், நாய் வளர்ப்பவர்களுக்கு மனம் அமைதியாக இருக்கும், ரத்த அழுத்தம் இறங்கும், ஆயுள் கூடும் என்று பேசியிருக்கிறார். லட்சுமிநாராயணன் அதைக் குறிப்பேட்டில் எழுதிச் சிவப்பு மையால் கோடும் போட்டு வைத்திருந்தார். மேஜைமேல் இந்தப் பக்கம் மனு, அந்தப் பக்கம் குறிப்பேடு. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு வாரத்தில் 'நாய் வழி நலத் திட்டம்' பிறந்துவிட்டது.

விழா கேன்டீன் வாசலில் நடந்தது. மேடையில் மானேஜர் தேவநாதனுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் பறந்த காகிதத்தை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு அவர் பேசினார்.

"தொழிலாளத் தோழர்களே, நீங்கள் கேட்டது காற்று. காற்று உடம்பின் மேல் பட்டுவிட்டுப் போய்விடும். நிர்வாகமோ உங்கள் இருதயத்தைத் தொட விரும்புகிறது. விசிறிக்கு உங்களைத் தெரியுமா? உங்களைக் கண்டால் வாலை ஆட்டுமா? நாளைக்கே சூளை வாயில் உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் விசிறி அழுமா? நாய் அழும். உங்களுக்காக அழுவதற்கு இந்த நிர்வாகம் தன் செலவில் ஒரு ஜீவனை ஏற்பாடு செய்திருக்கிறது. இந்தியாவில் வேறு எந்தத் தொழிற்சாலையும் இதைச் செய்ததில்லை."

அது உண்மைதான். வேறு எந்தத் தொழிற்சாலையும் செய்ததில்லை.

நாய்கள் எல்லாம் கேன்டீன் பின்னால் எச்சில் இலைக்குக் காத்துக் கிடந்த நாய்கள். இரண்டு நாள் ஓடி ஓடிப் பிடித்ததில் பத்துதான் அகப்பட்டன. மாலை பதினொன்று வாங்கியாகிவிட்டது. கிண்ணமும் பதினொன்று, கம்பெனி முத்திரையோடு பீங்கானில் சுட்டாகிவிட்டது. கணக்குக்கு ஒரு நாய் குறைந்தது. அப்போது யாரோ, பக்கிரி வீட்டில் ஒரு நாய் இருக்கிறதே என்றார்கள்.

இருந்தது. அதற்குச் சில்லு என்று பெயர். இரண்டு வருடத்துக்கு முன்னால் கம்பெனியின் பின்பக்கம், உடைந்த கப்புகளைக் கொட்டும் சில்லு மேட்டில், கண் திறக்காத குட்டியாகக் கிடந்தது. ஒரு காதைப் பீங்கான் ஓடு கிழித்திருந்தது. பக்கிரி துண்டில் பொதிந்து எடுத்துவந்தார். அவர் மனைவி தங்கம்மாள், ஆள் குடிக்கவே கஞ்சி இல்லாத வூட்டுக்கு இது வேறயா என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் அந்தக் கஞ்சியில் பாதியை அவளே அதற்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரே மகள் திரௌபதி கல்யாணமாகிப் பெண்ணாடம் போய்விட்ட பிறகு, கேட்டுக்கு உள்ளேயே இருந்த கம்பெனி குடியிருப்பின் அந்த ஒற்றை அறையில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ள விஷயமே இல்லாமல் இருந்தது. சில்லு வந்தபின் பேச்சு வந்தது. சாப்பிட்டதா, சொறிந்ததா, எங்கே போயிற்று என்று ஆரம்பித்துப் பழைய சண்டைகள் வரைக்கும் பேசினார்கள்.

பக்கிரி நாயைப் பார்த்துக்கொண்ட மாதிரி தன் உடம்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்கு ரத்த அழுத்தமே வந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை தோறும் குழாயடியில் குளிப்பாட்டுவார். காது மடலைப் புரட்டி உண்ணியை ஒவ்வொன்றாக எடுத்து மண்ணெண்ணெய்க் கிண்ணியில் போடுவார். முதுகில் சொறி கண்டபோது வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பத்துப் போட்டார். கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் ராஜமாணிக்கத்திடம் கூட்டிப்போய் வெறிநாய்த் தடுப்பூசி போட்டார். பூச்சி மாத்திரையை வெல்லத்துக்குள் வைத்துக் கொடுக்கும் வித்தையையும் அங்கேதான் கற்றுக்கொண்டார்.

அந்த நாயைத்தான் பதினொன்றாவதாகக் கேட்டார்கள். பக்கிரி யோசித்தார். கம்பெனி நாய் என்று ஆகிவிட்டால் வாட்சுமேன் கல்லால் அடிக்க மாட்டான், சூளை வரைக்கும் கூடவே வரலாம், கிண்ணம் வேறு கிடைக்கும். சரி என்று தலையை ஆட்டினார். இந்தக் கதையில் அவர் செய்த ஒரே தப்பு அதுதான். கம்பெனி சில்லுவை வாங்கி, மாலை போட்டு, பதினொன்று என்று எண் கொடுத்து, மேடையில் வைத்துப் பக்கிரியிடமே கொடுத்தது. தன் நாயைத் தானே கைநீட்டி வாங்கிக்கொண்டு, 'கம்பெனி உடைமையான நாயைப் பெற்றுக்கொண்டேன்' என்ற தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டு இறங்கினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

மற்ற பத்து நாய்களும் ஒரே வாரத்தில் மாலையைத் தின்றுவிட்டுப் பழையபடி கேன்டீனுக்கே ஓடிப்போயின. அவற்றுக்கு அங்கே சொந்தபந்தம் இருந்தது. சில்லு மட்டும் இருந்தது. பக்கிரியோடு சூளைக்கு வரும், சுவரோரம் படுத்திருக்கும், சங்கு ஊதியதும் முன்னால் ஓடும். இரண்டு மாதம் கழித்துக் கம்பவுண்டர் பட்டையைக் கட்டிப் பார்த்தபோது பக்கிரிக்கு நூற்று நாற்பதுதான் காட்டியது. லட்சுமிநாராயணன் துள்ளிக் குதிக்காத குறை. அதை வரைபடமாகப் போட்டு நலப் பிரிவுச் சுவரில் மாட்டினார். விசிறி மனுவின் மேல் 'தீர்வு காணப்பட்டது' என்று எழுதிக் கட்டி வைத்தார்.

இத்தோடு நின்றிருந்தால் இது சுபமான கதை. சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. திட்டத்தில் வழங்கப்பட்ட நாய்களின் தரம் என்ன, பதிவேடு உண்டா என்று கேட்டிருந்தார்கள். பதிவேடு இல்லை. நாய்ப் பதிவேடு அச்சடித்து வர எட்டு மாதம் ஆகும் என்றார்கள். ஆனால் கம்பெனியின் கிடங்கில் கப்புகளின் தரச்சோதனைப் பதிவேடு கட்டுக்கட்டாகக் கிடந்தது. மேலே 'பொருளின் பெயர்' என்றுதான் இருக்கிறது, கப்பு என்று எங்கேயும் இல்லையே என்று லட்சுமிநாராயணன் கண்டுபிடித்தார். பொருளின் பெயர் என்ற இடத்தில் 'நாய்' என்று எழுதி, சோதனைப் பிரிவு குமாஸ்தா பூவராகனிடம் அனுப்பினார்.

பூவராகன் இருபது வருட சர்வீசில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விட்டதில்லை. மனைவி பிரசவ வலியில் இருந்த அன்றைக்கும் முந்நூறு கப்புகளைத் தட்டிப் பார்த்து எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனவர். ஓடிப்போன பத்து நாய்களையும் 'போக்குவரத்தில் சேதம்' என்று ஒரே வரியில் எழுதி முடித்தார். மிச்சம் இருந்தது பதினொன்றாம் எண். புரட்டாசி மாதம் முதல் திங்கட்கிழமை பக்கிரி சில்லுவைச் சோதனைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். குளிப்பாட்டி, நெற்றியில் குங்குமம் வைத்து அனுப்பியிருந்தாள் தங்கம்மாள்.

நிறம் என்பது முதல் கட்டம். சில்லு கறுப்பும் வெள்ளையும் கலந்த நாய். 'சீராக இல்லை' என்று எழுதினார் பூவராகன். மெருகு: பழைய சொறி ஆறிய இடத்தில் முடி சரியாக வளரவில்லை. 'உதிர்வு.' விரிசல்: காது கிழிந்திருந்தது. அளவுகோல் வைத்து ஒன்றேகால் அங்குலம் என்று எழுதினார். அடுத்தது ஒலி. கப்பை மரச்சுத்தியால் தட்டினால் மணி மாதிரி ஒலிக்க வேண்டும். மங்கலாகக் கேட்டால் உள்ளே கோளாறு என்று அர்த்தம். பூவராகன் மரச்சுத்தியால் சில்லுவின் விலாவில் மெதுவாகத் தட்டினார். பரம சாது நாய் அது, குரைத்தே பழக்கமில்லை. விளையாடக் கூப்பிடுகிறார் என்று நினைத்து வாலை ஆட்டியது. 'ஒலி இல்லை' என்று எழுதினார். இன்னொரு தரம் தட்டுங்க சார், வூட்ல குலைக்கும் என்று பக்கிரி பொய் சொல்லிப் பார்த்தார். மூன்று தரத்துக்கு மேல் தட்ட விதி இல்லை.

நீர் உறிஞ்சும் சோதனைக்குக் கப்பை ஒரு நாள் முழுக்கத் தொட்டியில் போட்டு எடுத்து எடை பார்ப்பார்கள். நல்ல பீங்கான் ஒரு சொட்டுக்கூட உறிஞ்சாது. பூவராகனுக்கும் ஈரநெஞ்சு உண்டு. ஜீவனைத் தொட்டியில் போட வேண்டாம், கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் போதும் என்றார். வெயிலில் நடந்து வந்த நாய் ஒரு கிண்ணத்தை நக்கித் தீர்த்துவிட்டு இன்னொரு கிண்ணமும் குடித்தது. எடை பார்த்தால் முக்கால் கிலோ கூடியிருந்தது. பூவராகன் தலையை ஆட்டிக்கொண்டார். இத்தனை உறிஞ்சிய சரக்கை அவர் சர்வீசில் பார்த்ததில்லையாம்.

சூளைக்கு முன் எடை, சூளைக்குப் பின் எடை என்று இரண்டு கட்டம். பக்கிரி ஷிப்டுக்குப் போகும்போது ஒரு தரமும் வரும்போது ஒரு தரமும் நாயை நிறுத்துப் பார்த்துப் பூவராகன் அதையும் நிரப்பினார். கடைசிக் கட்டம் மின் அழுத்தம். ஐம்பதாயிரம் வோல்ட் பாய்ச்சிப் பார்க்க வேண்டும். பக்கிரி அவர் காலில் விழுந்துவிட்டார். பூவராகன் 'கருவி பழுது' என்று எழுதினார். கருவி நன்றாகத்தான் இருந்தது. பதினொன்றாம் எண்ணுக்கு நேரே அவர் எழுதிய ஒரே பொய் அது, செய்த ஒரே நல்லதும் அதுதான்.

முடிவு என்ற இடத்தில் இரண்டு ரப்பர் முத்திரைகளில் ஒன்றைக் குத்த வேண்டும். ரிஜெக்ட் என்று குத்தினார்.

வெளியார் யாருக்கும் இதில் பயப்பட ஒன்றும் இருப்பதாகத் தெரியாது. சூளைக்காரனுக்குத் தெரியும். ரிஜெக்ட் ஆன கப்பை யாராவது திருட்டுத்தனமாகச் சந்தையில் விற்றுவிட்டால் கம்பெனி பேர் கெட்டுவிடும். அதனால் பதினாலாம் விதிப்படி ரிஜெக்ட் சரக்கு எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது. மாதக் கடைசிச் சனிக்கிழமை மூன்று பேர் கமிட்டி முன்னால் சில்லு மேட்டில் வைத்து அழித்துவிட வேண்டும். கப்புகளைச் சுத்தியல் கொண்டு அப்படி உடைத்த கை பக்கிரியுடையது. எத்தனை ஆயிரம் உடைத்திருப்பார் என்று அவருக்கே தெரியாது.

நேரே லட்சுமிநாராயணனிடம் போய் நின்றார்.

"சார், அது நாய் சார். கப்பு இல்ல."

"எனக்குத் தெரியாதா பக்கிரி? நானும் சின்ன வயசுல நாய் வளர்த்தவன்தான். ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கோ. பதிவேட்ல ஏறுற வரைக்கும்தான் அது நாய்."

"திட்டமே வேணாம் சார். கிண்ணத்தையும் எடுத்துக்குங்க. என் நாய என்கிட்டயே உட்டுடுங்க."

"உன் நாய்னு சொல்லாதே. நீ கையெழுத்துப் போட்டிருக்கே."

ஆனாலும் அவர் வழி காட்டாமல் அனுப்பவில்லை. மேலிடத்துக்கு எழுத ஏதாவது ஆதாரம் கொண்டுவா என்று, 'திரும்பி வரும் சரக்கு' என ஒரு கேட் சீட்டும் எழுதிக் கொடுத்தார். பக்கிரி சில்லுவைக் கூட்டிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினார். டாக்டர் ராஜமாணிக்கம் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். இந்தத் தாலுகாவிலேயே இவ்வளவு ஒழுங்காக வளர்த்த நாயைப் பார்க்கவில்லை என்று வாயால் சொல்லி, 'பூரண ஆரோக்கியத்துடன் உள்ளது' என்று சீட்டும் எழுதிக் கொடுத்தார். லட்சுமிநாராயணன் அந்தச் சீட்டை இரண்டு தரம் படித்தார். அவருக்கு நிஜமாகவே சந்தோஷம். பதிவேட்டை விரித்து, ஒவ்வொரு கட்டமாக விரலால் தடவிக்கொண்டே போனார். கடைசிவரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"ஆரோக்கியம்னு எழுதியிருக்கார். அதை எங்கே ஏத்துறது? இதுல ஆரோக்கியத்துக்குக் கட்டமே இல்லையே."

சீட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அந்த வாரம் கம்பவுண்டர் பட்டை கட்டியபோது பக்கிரிக்கு நூற்றுத் தொண்ணூறு. லட்சுமிநாராயணன் அதையும் கோப்பில் சேர்த்தார். நாயின் தரம் சரியாக இருந்தால் அழுத்தம் இறங்கியிருக்க வேண்டும், ஏறியிருப்பதே நாய் பழுது என்பதற்குச் சான்று என்று குறிப்பு எழுதினார்.

மனிதர்களிடம் மனு கொடுத்துத் தீர்ந்துவிட்டது. தங்கம்மாள்தான் மணவாளநல்லூருக்குப் போவோம் என்றாள். அங்கே கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் பழக்கம். இன்ன ஊர், இன்னார், இன்ன குறை என்று சாமிக்கே மனு எழுதி, பூஜையில் வைத்து வாங்கி, முனியப்பர் சன்னதி வேலில் நூலால் கட்டிவிட்டு வர வேண்டும். தொண்ணூறு நாளில் சாமி தீர்த்துவைக்கும் என்பது நம்பிக்கை. தீர்ந்ததும் மறக்காமல் வந்து, பிராதைத் திரும்பப் பெறுகிறேன் என்று ராஜி எழுதிக் கொடுக்க வேண்டும். சாமியிடம் கெடு உண்டு. கம்பெனியில் அதுகூடக் கிடையாது.

பிராது எழுதிக் கொடுப்பவர் பேனாவைத் திறந்துகொண்டு, என்ன வேண்டும், சுருக்கமாகச் சொல்லுங்கள் என்றார். பக்கிரி வழி நெடுக இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருந்தார். மானேஜர் நாசமாகப் போக வேண்டும் என்று கேட்க அவருக்கு மனசு இல்லை. நல அதிகாரியும் பூவராகனும் பிள்ளைகுட்டிக்காரர்கள். ஆள் யார் பேரிலும் கோபம் இல்லை. எல்லாக் கஷ்டமும் அந்தப் பதிவேட்டில் பேர் ஏறியதால் வந்தது. அதில் இருந்து இறங்கிவிட்டால் சில்லு பழையபடி நாயாகிவிடும்.

"கம்பெனி ரிஜிஸ்டர்ல இருந்து என் நாய் பேர எடுத்துடணும். அது போதுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

எழுதியதை வாசித்துக் காட்டினார். பக்கிரிக்குத் திருப்தியாக இருந்தது. பேராசையில்லாமல், சாமிக்குச் சிரமம் வைக்காமல் கேட்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். தங்கம்மாள் வேலில் கட்டினாள். முடிச்சை மூன்று தரம் போட்டாள்.

சாமி செய்வதைச் சாமி செய்யட்டும், நாம் செய்வதைச் செய்வோம் என்று திரும்பும் வழியிலேயே முடிவு செய்தாள் அவள். மறுநாள் காலையில் சில்லுவை ஒரு பெரிய கூடைக்குள் படுக்க வைத்து, மேலே பழைய புடவையைப் போட்டு மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். வாட்சுமேன் சாமிதுரை கூடையைப் பார்த்தான். கூடை மூச்சு விடுவதையும் பார்த்தான். அழுக்குத் துணியா அக்கா என்று அவனே கேட்டு, அவனே தலையை ஆட்டி, கேட்டைத் திறந்துவிட்டான். பெண்ணாடம் பஸ்ஸில் மகள் வீட்டு வாசலில் போய் இறங்கும்வரை சில்லு ஒரு சத்தம் போடவில்லை. ஒலி இல்லை என்று பூவராகன் எழுதியது அன்றைக்கு ஒரு நாள் நல்லதற்கு ஆயிற்று.

மூன்று நாள் பக்கிரி வயிறாரச் சாப்பிட்டார். பதிவேட்டில் ரிஜெக்ட் என்று இருக்கலாம், நாய் இல்லையே, எதை அழிப்பார்கள் என்று சூளை வாயில் நின்று தனக்குள் சிரித்துக்கொண்டார். நான்காம் நாள் காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதும் நேரத்தில் ரயில் பாதையோரமாகச் சில்லு வந்துகொண்டிருந்தது. பெண்ணாடத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு மைல், அத்தனையும் ஜல்லிக்கல். நான்கு பாதமும் தேய்ந்து ரத்தம் கசிந்தது. திரௌபதி கட்டிப்போட்ட கயிற்றின் மிச்சம் கழுத்தில் தொங்கியது. மூன்று நாளாகச் சோற்றைத் தொடாமல் இருந்து, கயிற்றைத் தின்று, வந்துவிட்டது. சாமிதுரை பதறிப்போய்ப் போ, போ என்று விரட்டினான். கல்லை எடுத்துப் பக்கத்தில் எறிந்தான். அது அந்தக் கல்லைக் கவ்விக்கொண்டு வந்து அவன் காலடியில் போட்டது. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மானேஜரின் ஜீப் கேட்டில் வந்து நின்றது.

'வெளியே சென்ற சரக்கு திரும்பியது' என்று கேட் புத்தகத்தில் எழுத வேண்டியதாயிற்று. சீட்டு இல்லாமல் கம்பெனி உடைமையை வெளியே கொண்டுபோனதற்குப் பக்கிரிக்கு விளக்கம் கேட்டு ஒரு தாள் வந்தது. தேவநாதன் அவரை அறைக்கே கூப்பிட்டுத் தன்மையாகப் பேசினார்.

"பக்கிரி, இந்த நாயை நான் விட்டுவிடுகிறேன் என்று வை. நாளைக்கு ஒருவன் வந்து, நாயை விட்டீர்களே, என் கப்பை ஏன் உடைத்தீர்கள் என்று கேட்பான். ஒரு நாய்க்காக ஒரு கப்பின் நம்பிக்கையை நான் கெடுக்க முடியுமா? உன் விசுவாசத்தைவிட அந்த நாயின் விசுவாசம் பெரிது. தானாகவே திரும்பி வந்து ஒத்துழைத்திருக்கிறது, பார்."

புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கமிட்டி கூடியது. தேவநாதன், லட்சுமிநாராயணன், பூவராகன். சூளைத் தொழிலாளிதான் தன் சூளையின் ரிஜெக்டை அழிக்க வேண்டும் என்பது விதி. பக்கிரி மாட்டேன் என்றார். 'தொழிலாளி ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிக்கொண்டு, அதற்கென்று வெளியூரிலிருந்து ஊசியோடு வந்திருந்த ஆளைக் கூப்பிட்டார்கள். பக்கிரிக்கு அரை நாள் லீவு தருகிறோம், வீட்டில் இருங்கள் என்றார்கள். அவர் போகவில்லை. தன்னைத் தேடி அத்தனை மைல் நடந்து வந்ததை இவர்கள் நடுவில் தனியாக விட்டுவிட்டு வீட்டில் உட்கார அவரால் முடியவில்லை. தரையில் குந்தி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். ஊசிக்காரன் நீட்டிய பன்னைச் சில்லு மோந்து பார்த்துவிட்டு, பக்கிரி முகத்தைப் பார்த்தது. அவர் தின்னு என்று சொன்ன பிறகுதான் தின்றது. தின்றுகொண்டிருக்கும்போதே ஊசி இறங்கியது. வால் கடைசிவரை ஆடிக்கொண்டிருந்தது. அது பிறந்து கிடந்த அதே சில்லு மேட்டில்தான் புதைத்தார். குழி வெட்டும்போது பீங்கான் ஓடு கையைக் கிழித்தது அவருக்குத் தெரியவில்லை.

லட்சுமிநாராயணன் ஒரு நிமிடம் மௌன அஞ்சலிக்கு ஏற்பாடு செய்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சரியாக ஒரு நிமிடம். பிறகு பூவராகன் பதிவேட்டைக் கொண்டுவந்து, பதினொன்றாம் எண்ணின் மேல் சிவப்பு மையில் கோடு போட்டு, 'பெயர் நீக்கப்பட்டது' என்று எழுதிப் பக்கிரியிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். கையெழுத்து கொஞ்சம் ரத்தமாகிவிட்டது. பரவாயில்லை, காய்ந்தால் மை மாதிரித்தான் இருக்கும் என்றார்.

திட்டம் நிற்கவில்லை. ஐப்பசியில் கம்பெனியே பதினொரு நாய்களைப் பீங்கானில் வார்த்துச் சுட்டு எடுத்தது. பால்போல் வெள்ளை. விரிசல் இல்லை. தட்டினால் கோயில் மணிமாதிரி ஒலித்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் உறிஞ்சவில்லை. பதினொன்றும் தேர்ச்சி. தடுப்பூசி வேண்டாம், சொறி வராது, வீட்டுக்காரரை விட்டு ஓடாது, இதுவே நாய் வளர்ப்பின் முழுமை என்று தேவநாதன் விழாவில் பேசினார். மேஜை விசிறி அன்றைக்கும் சுற்றியது. பக்கிரி தனக்குக் கொடுத்ததைக் கொண்டுபோய் அடுப்படி மூலையில் சுவரைப் பார்க்க வைத்தார். அவரும் தங்கம்மாளும் பழையபடி பேச விஷயமில்லாதவர்களாக ஆகிவிட்டார்கள்.

பிராது கட்டிய தொண்ணூறு நாளும் முடிந்த மறுநாள் பக்கிரி தனியாக மணவாளநல்லூருக்குப் போனார். கும்பிடப் போகவில்லை, சண்டை போடப் போனார். வாழ்க்கையில் யாரிடமும் அவர் சண்டை போட்டதில்லை. சாமியிடமாவது ஒரு தரம் உரக்கக் கேட்டுவிட வேண்டும் என்று பஸ்ஸில் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தார். பிராது எழுதுபவர் முன்னால் நாலைந்து பேர் நின்றார்கள். அவர் முறை வந்ததும், "என் பிராது என்னாச்சுன்னு கேக்க வந்தேங்க" என்றார்.

எழுதுபவர், பக்கிரியின் பெயரையும் பிராது கட்டிய தேதியையும் கேட்டுக்கொண்டு, நகலைத் தேடி எடுத்து வாசித்தார்.

"கம்பெனி ரிஜிஸ்டர்ல இருந்து நாய் பேர எடுக்கணும்னு எழுதியிருக்குது. எடுத்துட்டாங்களா?"

பக்கிரிக்குப் பொய் சொல்ல வரும், ஆனால் அந்த இடத்தில் வரவில்லை. சிவப்புக் கோடு கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

"எடுத்துட்டாங்க."

"எத்தினி நாள்ல?"

"இருவத்தி மூணு நாள்ல."

"இருவத்தி மூணே நாள்ல முடிஞ்சிட்டுதா? அப்பறம் ஏங்க இத்தினி நாள் ராஜி குடுக்காம இருந்தீங்க? வேண்டுதல் நெறவேறினா ஒடனே வந்து சொல்லணும்ங்க."

ராஜித் தாளை எடுத்து வைத்து, விரலால் இடத்தைக் காட்டினார். பக்கிரி பஸ்ஸில் அடுக்கிக்கொண்டு வந்த வார்த்தைகளைத் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. பின்னால் நின்ற ஒரு பெண்பிள்ளை, இருபத்து மூன்று நாளாம், இருபத்து மூன்றே நாளாம் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். 'என் குறை தீர்ந்தது' என்று எழுதியிருந்த இடத்துக்குக் கீழே பக்கிரி கையெழுத்துப் போட்டார்.